வழக்குகளை எண்ணாமல் சட்டம் எழுதுகிறார்கள்

(பெங்களூருவில் தொழிற்சங்கத் தோழர்களும் வழக்கறிஞர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு "புதிய சட்டங்களும் நீதிமன்றங்களின் சுமையும்" என்பதாகும். கேட்ட மாத்திரத்தில் இது வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் மட்டுமே உரிய பொருள் என்று தோன்றக்கூடும். பீணியாவின் இயந்திரப் பட்டறைகளிலிருந்தும், பொம்மசந்திராவின் ஆலைகளிலிருந்தும், ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்திருக்கும் தோழர்கள், "எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளிக்குச் சட்டம் ஓர் உரிமையைத் தருகிறது என்றால், அந்த உரிமை உயிர்பெறுவது ஒரு நீதிபதியின் முன்னால், ஒரு குறிப்பிட்ட நாளில்தான். அந்த நீதிபதியும் அந்த நாளும் இல்லையென்றால், உரிமை அச்சிட்ட தாளாகவே இருந்துவிடும். வேலைநீக்க வழக்கு பத்தாண்டு நீடித்தால் முதலாளிக்கு அது ஒரு கணக்குக் குறிப்பு. தொழிலாளிக்கு அது பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, இறுதியில் அவருடைய ஆயுள்.

கோலார் தங்கவயலை இந்த அவையிலுள்ள பலருக்கு நன்கு தெரியும். 2001ஆம் ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணுக்கடியில் உழைத்த, பெரும்பாலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தெருவில் நின்றன. தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. வாய்தாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே காலமாகிவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

எனவே நான் முன்வைக்கும் கேள்வி எளிமையானது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ ஒரு மசோதாவை நிறைவேற்றும் முன், அதனால் எத்தனை வழக்குகள் வரும், அவற்றை விசாரிக்க எத்தனை நீதிபதிகள் வேண்டும், அதற்கான பணத்தை யார் தருவது என்று ஏன் கணக்கிடுவதில்லை? இந்தக் கணக்கு இல்லாமையால் இழப்பவர் யார், இலாபம் அடைபவர் யார்?

ஒரே நாளில் 73,000 வழக்குகள்

விடை தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. இந்தப் பெங்களூரு நகரத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2008ஆம் ஆண்டு அளித்த 213ஆவது அறிக்கையில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. ஒரு தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம், பணமின்றித் திரும்பிய காசோலைகளுக்காகப் பெங்களூரு நீதிமன்றம் ஒன்றில் ஒரே நாளில் 73,000 வழக்குகளைத் தாக்கல் செய்தது. அன்றைய தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் இதை வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார்.

இந்த எண்ணின் பொருளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வழக்கின் தொடக்க நிலைக்கு மட்டும், அதாவது புகாரைப் படித்து, ஆவணங்களைப் பார்த்து, அழைப்பாணை அனுப்ப உத்தரவிடுவதற்கு மட்டும், பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 73,000 வழக்குகளுக்கு 7,30,000 நிமிடங்கள். ஏறத்தாழ 12,000 மணி நேரம். ஒரு குற்றவியல் நடுவர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு 220 நாட்கள் வேறெந்த வேலையும் பார்க்காமல் இதையே செய்தால், தொடக்க நிலையைக் கடக்க மட்டும் பதினோரு ஆண்டுகள் ஆகும். விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு ஆகியவை அதற்குப் பின்னரே.

அந்தப் பதினோரு ஆண்டுகளை எந்த வழக்கிலிருந்து எடுத்தார்கள்? அதே நடுவரிடம் ஜீவனாம்சம் கேட்டு நின்ற பெண்ணிடமிருந்து எடுத்தார்கள். அடிபட்டுப் புகார் கொடுத்த தினக்கூலியிடமிருந்து எடுத்தார்கள். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையில் கிடந்தவரிடமிருந்து எடுத்தார்கள். நீதிமன்றத்தின் நேரம் பொதுச்சொத்து. ஒரு பெருநிறுவனம் தன் நிலுவையை வசூலிக்கும் அலுவலகமாக அதை மாற்றிக்கொள்ளும்போது, ஏழையின் பங்கிலிருந்தே அது பிடுங்கப்படுகிறது.

இது எப்படி நேர்ந்தது? மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881ஆம் ஆண்டுச் சட்டம். காசோலை பணமின்றித் திரும்புவது நீண்ட காலம் உரிமையியல் விவகாரமாகவே கருதப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டுமே அது குற்றவியல் வழக்காகும். 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 138ஆவது பிரிவைப் புகுத்தி, 1989 ஏப்ரல் 1 முதல் அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2002ஆம் ஆண்டில் ஓராண்டுத் தண்டனை ஈராண்டாக உயர்ந்தது. காசோலையின் மீது நம்பிக்கை வளர வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் நாட்டில் எத்தனை கோடிக் காசோலைகள் புழங்குகின்றன, அவற்றில் எத்தனை திரும்புகின்றன என்ற விவரம் வங்கிகளிடம் இருந்தது. அதைக் கேட்டுப் பெற்று, இத்தனை நடுவர் நீதிமன்றங்கள் கூடுதலாகத் தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்க முடியும். அதைச் செய்யவில்லை.

விளைவு என்ன? 2008ஆம் ஆண்டு சட்ட ஆணையம் அதே அறிக்கையில், நாடெங்கும் 38 லட்சத்துக்கும் அதிகமான காசோலை வழக்குகள் தேங்கிக் கிடப்பதாகக் குறிப்பிட்டது. 2020ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பர் இறுதியில் தேங்கியிருந்த 2.31 கோடிக் குற்றவியல் வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்ற கணக்கு அப்போது அதன் முன் வைக்கப்பட்டது. குற்றவியல் நிலுவையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல், ஒரே ஒரு சட்டப்பிரிவின் விளைவு. மூன்று வரித் திருத்தம் ஒன்று முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் நடுவர் நீதிமன்றங்களை மூச்சுத் திணற வைத்திருக்கிறது.

சேலத்திலிருந்து எழுந்த வழக்கு

இந்த நோய்க்கு மருந்து என்ன என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அது தமிழ்நாட்டின் ஒரு வழக்கோடு தொடர்புடையது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. அந்தத் திருத்தங்களை நடைமுறைப்படுத்தும் வழிகளை ஆராய நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 2005 ஆகஸ்ட் 2 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது.

மசோதாவோடு இணைக்கப்படும் நிதிக் குறிப்பாணையில், அலுவலகச் செலவை மட்டும் காட்டினால் போதாது. அந்தச் சட்டத்தால் எத்தனை உரிமையியல், குற்றவியல் வழக்குகள் உருவாகும், எத்தனை நீதிமன்றங்களும் நீதிபதிகளும் ஊழியர்களும் வேண்டும், எவ்வகைக் கட்டமைப்பு வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் இந்நாட்டின் எந்தச் சட்டமன்றமும் இப்படிப்பட்ட மதிப்பீட்டைச் செய்ததில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டியது. நான்கு மாதங்களுக்குள் இதுபற்றி அறிக்கை அளிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இதையே நீதித்துறைத் தாக்க மதிப்பீடு என்கிறோம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே தலைமை நீதிபதி பர்கர் இதை முன்மொழிந்தார். நம் நாட்டில் ஜெகந்நாத ராவ் தலைமையிலேயே ஒரு பணிக்குழு அமைந்து, 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. மத்தியச் சட்டங்களால் மாநில நீதிமன்றங்களில் எழும் வழக்குகளுக்கான செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்றும் அக்குழு வலியுறுத்தியது. அதற்குப் பின்பு எத்தனை ஆட்சிகள், எத்தனை நாடாளுமன்றங்கள்! இன்றுவரை அந்த மதிப்பீடு மசோதாக்களின் கட்டாய உறுப்பாக்கப்படவில்லை.

2021 நவம்பரில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, சட்டமன்றங்கள் தாம் இயற்றும் சட்டங்களின் தாக்கத்தை ஆராய்வதில்லை என்று வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, 138ஆவது பிரிவையே உதாரணமாக எடுத்துக்காட்டினார். அடுத்த மாதம் பீகாரின் 2016ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அதனால் உயர்நீதிமன்றம் பிணை மனுக்களில் மூழ்கியதைச் சொன்னார். பீகார்ச் சிறைகளை நிரப்பியவர்கள் சாராய வியாபாரத்தின் முதலாளிகளா? பெரும்பாலோர் கூலிகள், தலித்துகள், மிகவும் பிற்படுத்தப்பட்ட மக்கள். 2022ஆம் ஆண்டு அச்சட்டத்தைத் திருத்தி, முதல்முறை பிடிபடுவோர் அபராதம் கட்டி வெளியே வரலாம் என்று மாற்றினார்கள். ஆறு ஆண்டுக்குப் பின் செய்த இந்தக் கணக்கை ஆறு வாரம் முன்னதாகச் செய்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

கணக்கு எப்படிப் போடுவது?

"எதிர்காலத்தில் எத்தனை வழக்கு வரும் என்பதை யாரால் சொல்ல முடியும்?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு வரி வசூலாகும் என்று சொல்லும் நிதி அமைச்சகத்தால் இதையும் சொல்ல முடியும்.

கர்நாடகத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு இம்மாநிலம், செயலிவழித் தளங்களில் உழைக்கும் கிக் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தப் பெங்களூருவின் சாலைகளில் உணவும் பொருளும் சுமந்து ஓடும் இளைஞர்களின் போராட்டத்தால் வந்த சட்டம் அது. காரணம் சொல்லாமல் ஒருவரின் கணக்கை முடக்க முடியாது. வேலையிலிருந்து நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலநிதிக்குச் செல்ல வேண்டும். பிணக்குகளைத் தீர்க்க நிறுவனத்துக்குள் ஒரு குழுவும், அரசுத் தரப்பில் குறைதீர்ப்பு அலுவலரும் உண்டு. வரவேற்க வேண்டிய சட்டம்.

இப்போது கணக்கைப் போடுவோம். பேச்சுக்காக ஒரு லட்சம் தொழிலாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் நூற்றில் ஒருவர் மட்டும் முறையீடு செய்தால் 1,000 முறையீடுகள். ஒன்றுக்கு, பல அமர்வுகளைச் சேர்த்து, ஆறு மணி நேரம் என்றால் 6,000 மணி நேரம். ஓர் அலுவலர் ஆண்டில் 1,100 மணி நேரம் விசாரிப்பார் என்றால், அந்த வேலைக்கு ஐந்தரை அலுவலர் வேண்டும். அதற்கு மேல் எழுத்தர்கள், தட்டச்சர்கள், அறிவிப்புகளைக் கொண்டுசெல்வோர், இருக்க இடம், மேல்முறையீடுகளுக்கு ஆள் எல்லாம் வேண்டும். பணிச்சுமை மிகுந்த ஒரு தொழிலாளர் துறை அதிகாரியின் மேசையில், ஏற்கெனவே உள்ள பத்து வேலைகளோடு பதினொன்றாவதாக இதையும் வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மதிப்பீடு என்பது இவ்வளவுதான். சட்டம் எத்தனை பேரைத் தொடுகிறது, இதைப்போன்ற பழைய சட்டத்தில் எத்தனை விழுக்காட்டினர் வழக்குத் தொடுத்தனர், ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை மேல்முறையீடு வந்தது என்று பார்க்க வேண்டும். நீதிமன்றப் பதிவுகள் கணினியில் ஏறிவிட்ட இந்தக் காலத்தில், தேசிய நீதித்துறைத் தரவுத்தொகுப்பு யார் வேண்டுமானாலும் பார்க்கும் வகையில் இருக்கும் இந்தக் காலத்தில், கணக்கிட முடியவில்லை என்பது நம்பத்தக்கதல்ல. சட்ட ஆணையமே 2014ஆம் ஆண்டின் 245ஆவது அறிக்கையில், மக்கள்தொகையை மட்டும் வைத்து நீதிபதிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாமல், வழக்குகள் வரும் வேகத்தையும் முடியும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் முறையை விளக்கிக் காட்டியிருக்கிறது.

சட்டம் வந்தது, தீர்ப்பாயம் வரவில்லை

இனி நம் தலைக்கு மேல் தொங்கும் கத்திக்கு வருவோம். 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில், தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு உள்ளிட்ட மூன்று சட்டத்தொகுப்புகள் நிறைவேற்றப்பட்டன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியது, வேலைநிறுத்த உரிமையை முடக்கியது ஆகியவற்றை நம் தோழர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இங்கே நீதிமன்றப் பக்கத்தை மட்டும் பார்ப்போம்.

பழைய தொழிற்தகராறு சட்டத்தின்கீழ், தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அமர்ந்து வேலைநீக்க வழக்கை விசாரிக்க முடியும். புதிய தொகுப்பு தொழிலாளர் நீதிமன்றத்தையே நீக்கிவிட்டு, நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாக உறுப்பினர் ஒருவர் என இரண்டு பேரைக் கொண்ட தீர்ப்பாயத்தைக் கொண்டுவருகிறது. வேலைநீக்கம், ஆட்குறைப்பு, மூடல், வேலைநிறுத்தத்தின் சட்டத்தகுதி போன்ற முக்கியமான பிணக்குகளை இருவரும் சேர்ந்தே விசாரிக்க வேண்டும். இதன் கணக்கு என்ன? ஒருவரின் நேரம் தேவைப்பட்ட வழக்குக்கு இப்போது இருவரின் நேரம் தேவை. இருவரில் ஒருவரின் பதவி காலியானால் அமர்வு முடங்கும். தீர்ப்பாயப் பதவிகளை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருப்பதில் மத்திய அரசுக்கு உள்ள பழக்கத்தை உச்சநீதிமன்றமே பலமுறை கண்டித்திருக்கிறது.

இன்னொரு பக்கம், கூட்டுப் பிணக்குகளுக்கு முன்பு அரசின் பரிந்துரை வேண்டும். இப்போது சமரசம் முறிந்தபின் தரப்பினரே தீர்ப்பாயத்தை அணுகலாம். காகிதத்தில் இது நல்ல மாற்றம். அரசின் கையிலிருந்த பூட்டு அகற்றப்படுகிறது. ஆனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே அறையே கட்டவில்லையென்றால் என்ன பயன்? வழக்குகள் கூடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். எத்தனை கூடும், எத்தனை அமர்வுகள் வேண்டும் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டதா? இல்லை. அதே நேரத்தில், வேலைநீக்கம் செய்யப்பட்டவர் முறையிடுவதற்கான காலக்கெடு மூன்றாண்டிலிருந்து ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்குக் கெடு உண்டு. தீர்ப்பாயம் அமைக்க அரசுக்குக் கெடு இல்லை.

நடந்தது என்ன? தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாளில் புதிய தீர்ப்பாயங்கள் அமைந்திருக்கவில்லை. பழைய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. தேங்கிய வழக்குகளை யார் விசாரிப்பது என்ற குழப்பம் எழுந்தது. புதிய தீர்ப்பாயங்கள் அமையும்வரை பழைய தொழிலாளர் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் தொடரலாம் என்று டிசம்பரில் மத்திய அரசு தனியே ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. சட்டம் நிறைவேறி ஐந்தாண்டு கடந்தபின் இந்த நிலை. ஐந்தாண்டில் ஒரு நீதிமன்ற அறைக்கும் திட்டமிடாதவர்கள், "எளிதாகத் தொழில் நடத்துதல்" பற்றி மட்டும் நாள்தோறும் விளம்பரம் செய்தார்கள்.

யாருக்கு விரைவு நீதி?

தோழர்களே, இதைக் கவனக்குறைவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மூலதனத்துக்குத் தேவைப்படும் இடத்தில் இந்த அரசுகள் மிகக் கவனமாகவே கணக்கிடுகின்றன. வங்கிகளின் கடனை வசூலிக்க 1993ஆம் ஆண்டிலேயே தனித் தீர்ப்பாயங்கள் சட்டம் வந்தது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. உலக வங்கியின் தரவரிசையில் முன்னேற வேண்டும் என்பதற்காக 2018ஆம் ஆண்டு அதன் மதிப்பு வரம்பை ஒரு கோடி ரூபாயிலிருந்து மூன்று லட்சமாகக் குறைத்தார்கள். பெங்களூருவிலும் தனி வணிக நீதிமன்றங்கள் அமைந்தன. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் நாட்கணக்கில் கெடு விதித்தது. அங்கேயும் தாமதம் உண்டு. ஆனால் அங்கே குறைந்தபட்சம் மன்றம் உண்டு, கெடு உண்டு, அரசின் அக்கறை உண்டு. கூலி கேட்கும் பெண் தொழிலாளிக்கு எந்தத் தரவரிசையும் இல்லை.

சிறைகளைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். நீதிமன்றத்தின் நேரப் பற்றாக்குறையை இவர்கள் தங்கள் வாழ்நாளால் ஈடுகட்டுகிறார்கள்.

நாடெங்கும் எல்லா நீதிமன்றங்களிலும் சேர்த்து ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987ஆம் ஆண்டு சொன்னது. ஐந்தாண்டில் அந்த இலக்கை எட்ட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களின் கணக்குப்படியே அது ஏறத்தாழ 21தான். அவற்றிலும் கீழமை நீதிமன்றங்களில் ஐந்தில் ஒன்று காலி.

இந்த நிலையில் சட்டம் எழுதுவோர் கண்டுபிடித்திருக்கும் வழி, கெடுவை எழுதிவைப்பது. 2023 டிசம்பரில், 146 எதிர்க்கட்சி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்துவிட்டு நிறைவேற்றிய புதிய குற்றவியல் சட்டங்கள், வாதம் முடிந்து முப்பது நாளில் தீர்ப்பு, அதிகபட்சம் நாற்பத்தைந்து நாள் என்று எழுதின. கர்நாடகத்திலும், சிறு குறு விவசாயிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோரின் உரிமையியல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரே நீதிபதியின் முன் நூறு கோப்புகளைக் குவித்து, அவற்றில் இருபதை முதலில் முடி என்றால் மற்ற எண்பதும் பின்தள்ளப்படும். கெடுவை எழுதும் கை, பணியிடங்களையும் எழுத வேண்டும்.

ஒரு பொறி

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதை நாம் தெளிவாகக் காண வேண்டும். "நீதிமன்றங்களின் சுமையைக் குறைக்கிறோம்" என்ற பெயரிலேயே உழைக்கும் மக்களின் பாதுகாப்பை அகற்றும் வேலை நடக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளில் குற்றத்தன்மையை நீக்கியது அல்லது தளர்த்தியது. நீதிமன்றம் விதித்த தண்டனைகள் பலவற்றின் இடத்தில், அதிகாரிகள் விதிக்கும் அபராதம் வந்தது. தொழிலுறவுகள் தொகுப்பிலும் இதே போக்கு. அபராதம் மட்டுமே உள்ள குற்றமென்றால் அதிகபட்ச அபராதத்தில் பாதியையும், ஓராண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முக்கால் பங்கையும் கட்டிவிட்டு முதலாளி வழக்கிலிருந்து விடுபடலாம்.

எனவே, "இந்தச் சட்டத்தால் வழக்கு பெருகும்" என்ற மதிப்பீடு, "ஆகையால் இந்த உரிமையே வேண்டாம்" என்ற முடிவுக்குப் பயன்பட நாம் அனுமதிக்க முடியாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தால் வழக்குகள் வரும். வன உரிமைச் சட்டத்தால் வரும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தால் வரும். வரட்டும். ஒடுக்கப்பட்டவர் முதன்முறையாக நீதிமன்றப் படியேறுவது நாட்டுக்குச் சுமையாகாது. மருத்துவமனைக்கு நோயாளிகள் அதிகம் வருகிறார்கள் என்றால் படுக்கைகளைக் கூட்ட வேண்டும். நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. மதிப்பீட்டின் வேலை நீதிபதிகளையும் பணத்தையும் கொண்டுவருவது. உரிமைகளை வெட்டும் கத்தரிக்கோலாக அது மாறக் கூடாது.

அதே மதிப்பீடு, தேவையின்றிச் சிறையை நிரப்பும் சட்டங்களையும், பெருநிறுவனங்களின் வசூல் வேலையைக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலையில் கட்டும் சட்டங்களையும் கேள்வி கேட்க நமக்கு உதவும். ஒரே மனுதாரர் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் பிரிவுக்கு, அந்த மனுதாரரே உரிய கட்டணம் செலுத்தட்டும் என்று நாம் கோரலாம். கூலி வழக்குக்கும் வேலைநீக்க வழக்குக்கும் கட்டணமே கூடாது என்றும் கோரலாம்.

செலவை யார் ஏற்பது?

இதில் மாநில உரிமையும் அடங்கியிருக்கிறது. காசோலைச் சட்டம் மத்தியச் சட்டம். குற்றவியல் சட்டங்கள் மத்தியச் சட்டங்கள். ஆனால் பெங்களூருவின் நடுவருக்கும், சேலத்தின் மாவட்ட நீதிபதிக்கும், அவர்களின் ஊழியர்களுக்கும் ஊதியம் தருவது மாநில அரசு. தில்லி சட்டம் எழுதும். மாநிலம் செலவு செய்யும். அரசியல் சட்டத்தின் 247ஆவது பிரிவு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களைச் சிறப்பாகச் செயல்படுத்தக் கூடுதல் நீதிமன்றங்களை அமைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதிகாரம் இருக்கிறது, பொறுப்பை மட்டும் ஏற்பதில்லை. வரி வருவாயைத் தன்னிடம் குவித்துக்கொண்டு, செல்வரி, கூடுதல் வரி என்று பங்கிட வேண்டாத வழிகளில் வசூலிக்கும் மத்திய அரசு, தன் சட்டங்களால் வரும் வழக்குகளின் செலவையாவது ஏற்க வேண்டாமா?

நம் கோரிக்கைகள்

ஆகவே, தோழர்களே, இந்தப் பொருளை வழக்கறிஞர் அறையிலிருந்து தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுவர வேண்டும். நம் கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவதாக, மத்தியிலும் மாநிலத்திலும், ஒவ்வொரு மசோதாவுடனும் நீதித்துறைத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும். அவை நடைமுறை விதிகளைத் திருத்தினாலே இது முடியும். நிதிக் குறிப்பாணைக்கு மக்களவை விதிகளில் ஏற்கெனவே இடம் உண்டு.

இரண்டாவதாக, 2014ஆம் ஆண்டின் சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை சொல்வதுபோல, மசோதாவின் வரைவும் இந்த மதிப்பீடும் குறைந்தது முப்பது நாட்கள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் விவசாயிகள் சங்கங்களும் கருத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, மத்தியச் சட்டங்களால் எழும் வழக்குகளுக்கான நீதிமன்றச் செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும்.

நான்காவதாக, தேவையான மன்றங்களும் பதவிகளும் நிரப்பப்படாமல் எந்தத் தொழிலாளர் சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவரக் கூடாது. தொழிலாளர்விரோதத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும் என்பதே நம் அடிப்படை நிலை. அந்தப் போராட்டம் நடக்கும்போதே, இன்று நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வேலைநீக்க வழக்கும் முடங்காமல் விசாரிக்கப்பட வேண்டும் என்பதற்கும் நாம் போராட வேண்டும்.

ஐந்தாவதாக, சட்டம் வந்து மூன்றாண்டு ஆனபின், மதிப்பிட்டது என்ன, நடந்தது என்ன என்று சட்டமன்றக் குழு ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

இந்த வேலையில் நம் பங்கும் உண்டு. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களின் வழக்குகளைக் கணக்கெடுக்க வேண்டும். எப்போது தாக்கல் ஆனது, எத்தனை வாய்தா, எத்தனை நாள் நீதிபதி இல்லை, எத்தனை ஆண்டு ஆயிற்று என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அரசு எண்ண மறுக்கும் கணக்கை நாம் எண்ணுவோம். அந்தக் கணக்கோடு விதான சௌதாவின் வாசலில் நிற்கும்போது, "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது.

உரிமைகளைச் சட்டமாக்கப் போராடினோம், பலவற்றை வென்றோம். வென்ற சட்டம் தொழிலாளியின் கையில் தீர்ப்பாக வந்து சேரும்வரை அந்தப் போராட்டம் முடிந்ததாகாது. அதற்கான நீதிமன்றங்களைக் கேட்டுப் பெறுவதும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு பகுதியே. அந்தப் பணியில் தொழிலாளரும் வழக்கறிஞரும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.